ஓசூரில் சிறு மெஷினிங் யூனிட்: முடிந்த பாகமாகக் கொடுத்து வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி

ஓசூர் சிப்காட்டிலோ சிட்கோ தொழிற்பேட்டையிலோ, சுற்றியுள்ள வாடகை ஷெட்டுகளிலோ இரண்டு சிஎன்சி லேத்தும் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) ஒரு விஎம்சியும் (கணினி ஓட்டும் மில்லிங் இயந்திரம்) போட்டு ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குச் செய்யும் வேலை) தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஆர்டரை எப்படிப் பிடிப்பது என்பது வேறு கதை. பிடித்த வாடிக்கையாளர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், அதற்கு என்னென்ன காகிதம், எவ்வளவு பணம், எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் இங்கே விஷயம்.

டர்னிங் (லேத்தில் கடைவது) மட்டும் செய்து கொடுக்கும் யூனிட்டுக்கு விலையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. பீஸுக்கு ஐம்பது பைசா குறைத்து இன்னொருவர் கேட்டால் ஆர்டர் போய்விடும். வாங்குகிறவருடைய உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பாகம் ஒரு யூனிட்டில் டர்னிங் ஆகி, இன்னொரு இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் (சூடேற்றிக் கடினமாக்குவது) ஆகி, மூன்றாவது இடத்தில் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) ஆகி வருகிறது. மூன்று இடத்துக்கும் போன் போட்டு, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் பர்ச்சேஸ் அதிகாரி. அந்த வேலையை நீங்கள் முழுப் பொறுப்போடு எடுத்துக்கொண்டால் ஐம்பது பைசாவுக்காக உங்களை விட மாட்டார்.

1. முதலில் ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பாகத்துக்கும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். ஏற்கெனவே நீங்கள் மூன்று மாதமாவது ரிஜெக்‌ஷன் இல்லாமல் ஓட்டிய பாகம், மாதாமாதம் ஷெட்யூல் வருகிற பாகம், டர்னிங்குக்குப் பிறகு இரண்டு வேலைக்கு மேல் இல்லாத பாகம் இவற்றிலிருந்து ஒன்றை எடுங்கள். கிரைண்டிங், இண்டக்‌ஷன் ஹார்டனிங், பிளேட்டிங் என்று நாலைந்து இடம் சுற்றும் பாகத்தை முதல் முயற்சிக்கு எடுத்தால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பேச ஆரம்பித்ததிலிருந்து சாம்பிள் ஒப்புதலாகி முழு உற்பத்திக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பழைய ஜாப் ஒர்க் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

2. கூட்டாளியிடம் பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஹீட் ட்ரீட்மென்ட்டும் பிளேட்டிங்கும் செய்து தரும் கடைகள்தான் உங்கள் கூட்டாளிகள். பிளேட்டிங் கடைக்குப் போனால் ரேட்டைக் கேட்பதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணையைக் கேளுங்கள். எலக்ட்ரோபிளேட்டிங் சிவப்பு வகை, அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில். இசைவாணை காலாவதியான கடையை எந்த நாளும் மூடச் சொல்லலாம். மூடினால் நிற்பது உங்கள் சப்ளை. காலாவதித் தேதியை உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கழிவுச் சேற்றை அகற்றுவதற்கான அபாயக் கழிவு அனுமதியும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் ஆடிட்டர் இந்த இரண்டையும் உங்களிடமே கேட்பார்.

ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் ஃபர்னஸின் வெப்பநிலைப் பதிவு, தெர்மோகப்பிள் கேலிப்ரேஷன் சான்று, ஹார்ட்னெஸ் டெஸ்டரின் கேலிப்ரேஷன் சான்று மூன்றையும் பாருங்கள். வாகன உற்பத்தியாளருக்குப் போகும் பாகம் என்றால் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு சிக்யூஐ-9, பிளேட்டிங்குக்கு சிக்யூஐ-11 என்ற சுயமதிப்பீட்டுப் படிவங்களை வாடிக்கையாளர் கேட்கலாம். கூட்டாளி அதை நிரப்பியிருக்கிறாரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் பக்கம் இருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி பதிவு, உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு), ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று. உத்யம் பதிவுக்கு ஆதார், பான், ஜிஎஸ்டி எண் போதும், கட்டணம் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பதிவுக்கு முன்பு செய்த சப்ளைக்குப் பணம் தாமதமானால் சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் போனால் சிக்கல்.

3. கூட்டுச் சேருங்கள், ஆனால் பார்ட்னர்ஷிப் பத்திரம் போடாதீர்கள்

புதியவர்கள் நட்பின் பேரில் உடனே பார்ட்னர்ஷிப் ஃபர்ம் ஆரம்பித்துவிடுகிறார்கள். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி ஃபர்மின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு. ஃபர்ம் பதிவு செய்யப்படவில்லை என்றால் பணம் தராத வாடிக்கையாளர்மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடவும் முடியாது. பிளேட்டிங் கடைக்காரரோடு உங்களுக்குத் தேவை தொழில் உறவுதான், சொத்து உறவு இல்லை.

அதற்கு இரண்டு தனி யூனிட்டுகளுக்கு இடையிலான எழுத்து ஒப்பந்தம் போதும். முத்திரைத்தாளில் நாலு பக்கம். கட்டாயம் இருக்க வேண்டியவை:

- பாக எண், டிராயிங் திருத்த எண், செய்ய வேண்டிய வேலை, ஒத்துக்கொண்ட ரேட், ரேட் எத்தனை மாதத்துக்கு மாறாது என்பது.
- சரக்கு வந்ததிலிருந்து எத்தனை வேலை நாளில் திருப்பித் தருவார். “சீக்கிரம்” என்று எழுதாதீர்கள். “இரண்டு வேலை நாள்” என்று எழுதுங்கள்.
- எந்தக் குறைக்கு யார் பொறுப்பு. அளவு பிசகினால் நீங்கள், ஹார்ட்னெஸ் பிசகினால் அவர். பிளேட்டிங் உரிந்தால் அவர். நீங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு அனுப்பியதால் உரிந்தால் நீங்கள்.
- கெட்டுப்போன பீஸுக்கு இழப்பு எவ்வளவு. தன் ஜாப் ஒர்க் கூலியை மட்டும் விட்டுத்தருவாரா, மெட்டீரியல் விலையையும் சேர்த்துத் தருவாரா? பெரும்பாலான சண்டை இங்கேதான் வரும்.
- உங்கள் வாடிக்கையாளரிடம் இந்தப் பாகத்துக்காக நேரடியாகப் போவதில்லை என்ற உறுதி. அதே உறுதியை நீங்களும் தர வேண்டும்.
- இது பார்ட்னர்ஷிப் அல்ல என்ற ஒரு வரி.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது கடை ஒன்றையும் ஆரம்பத்திலேயே பார்த்துவையுங்கள். ஆனால் அதைத் திடீரென்று பயன்படுத்தக் கூடாது. அது அடுத்த படி.

4. வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்புதல்

டிராயிங் வாடிக்கையாளருடைய சொத்து. அதை வாட்ஸாப்பில் பிளேட்டிங் கடைக்கு அனுப்புவதற்கு முன் மெயிலில் அனுமதி வாங்குங்கள். முழு டிராயிங்கையும் கொடுக்கத் தேவையில்லை. அந்த வேலைக்கு வேண்டிய அளவுகளை மட்டும் போட்டு, வாடிக்கையாளர் பெயர் இல்லாத செயல்முறைத் தாள் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தால் போதும்.

வாகனத் துறையில் சாம்பிளோடு பிபிஏபி (உற்பத்திக்கு முந்தைய பாக ஒப்புதல்) கோப்பு கேட்பார்கள். அதில் 18 உறுப்புகள், ஐந்து நிலைகள். எதுவும் குறிப்பிடாவிட்டால் மூன்றாம் நிலை. உங்கள் கூட்டாளிக் கடைகளின் பெயர் செயல்முறை வரைபடத்திலும் கன்ட்ரோல் பிளானிலும் (தரச் சோதனைத் திட்டம்) வந்தாக வேண்டும். வந்துவிட்டால், வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் கடையை மாற்றுவது மீறல்.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிளேட்டிங் கடையில் ரெக்டிஃபையர் பழுதாகிவிடும், நாளைக்கு லோடு போக வேண்டும், பக்கத்துக் கடையில் போட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். குவாலிட்டி துறைக்கு ஒரு மெயில் போட்டால் ஒரு முறைக்கு மட்டும் டீவியேஷன் (விலக்கு அனுமதி) கொடுப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தாமதமாக அனுப்புங்கள். தாமதத்தை மன்னிப்பவர்கள் சொல்லாமல் கடை மாற்றியதை மன்னிப்பதில்லை. இரண்டாவது கடையை அமைதியான காலத்திலேயே சாம்பிள் கொடுத்து ஒப்புதல் வாங்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

5. கைமாறும் இடத்தில் கெடுபவை

ஒவ்வொரு கடையும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் பாகம் கெட்டுப்போகும். காரணம், அடுத்த வேலைக்காக விட வேண்டிய அளவை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவில்லை. முடிந்த பாகமாகக் கொடுப்பதில் நீங்கள் சேர்க்கும் மதிப்பே இந்த இடைவெளியைக் கவனிப்பதுதான்.

மரை: 60 டிகிரி வெளி மரையில் பிளேட்டிங் தடிமன் எவ்வளவோ, பிட்ச் டயாமீட்டர் (மரைப் பல்லின் நடுவில் அளக்கும் விட்டம்) அதைப் போல நாலு மடங்கு கூடும். 10 மைக்ரான் ஜிங்க் போட்டால் 40 மைக்ரான். டர்னிங்கில் மேல் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டிவிட்டு, உங்கள் கேஜில் சரியாக இருந்தது என்றால் பயனில்லை. பிளேட்டிங் ஆகி வந்ததும் கோ கேஜ் (சரியான மரையில் ஏற வேண்டிய அளவி) ஏறாது. பிளேட்டிங்குக்கு முந்தைய அளவுக்குத் தனியாக ரிங் கேஜ் செய்துகொள்ளுங்கள். இரண்டு கேஜும் மாறிப்போகாமல் நிறம் பூசி வையுங்கள்.

கேஸ் டெப்த் (மேற்பரப்பில் கடினமான படலத்தின் ஆழம்): டிராயிங்கில் இருப்பது கிரைண்டிங்குக்குப் பிந்தைய ஆழம். 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் ஒரு பக்கத்துக்கு 0.15 கிரைண்டிங்குக்கு விட்டிருக்கிறீர்கள் என்றால், ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்கு 0.75 முதல் 0.95 என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டிராயிங்கை அப்படியே கொடுத்தால் கிரைண்டிங்கில் கடினப் படலம் 0.15 தேய்ந்து, ஆழம் குறைந்துபோகும். மரை உள்ள பாகத்தை கார்புரைஸ் செய்யும்போது மரையில் ஆன்டி-கார்ப் பேஸ்ட் (கார்பன் ஏறாமல் தடுக்கும் பசை) பூசச் சொல்லுங்கள், இல்லையேல் மரைப் பற்கள் நொறுங்கும். அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். அதை விலையில் சேர்த்திருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் சிக்கல்: 39 எச்ஆர்சிக்கு (ராக்வெல் கடினத்தன்மை அளவு) மேல் கடினமான பாகத்துக்கு எலக்ட்ரோ ஜிங்க் போட்டால், பிளேட்டிங் முடிந்த நாலு மணி நேரத்துக்குள் ஓவனில் 190 முதல் 220 டிகிரியில் சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் பாகத்தை நொறுங்கச் செய்யும். அதுவும் வண்டியில் மாட்டிய பிறகு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். பாஸிவேஷனை (ஜிங்க் மேல் போடும் பாதுகாப்புப் படலம்) அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். முதலில் பாஸிவேஷன் போட்டுவிட்டுச் சூடேற்றினால் அந்தப் படலம் கெட்டு சால்ட் ஸ்ப்ரே டெஸ்டில் (உப்பு நீர் தெளித்துத் துருவைப் பார்க்கும் சோதனை) சீக்கிரமே வெள்ளைத் துரு பூக்கும். கடையில் ஓவன் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஓவனில் வைத்த நேரம், எடுத்த நேரம் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

துருவும் அழுக்கும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் டர்னிங் முடித்த பீஸ் இரண்டு நாள் சும்மா கிடந்தாலே விரல் பட்ட இடத்தில் துரு பிடிக்கும். அன்றே கழுவி, துருத் தடுப்பு எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் டிரேயில் வையுங்கள். மூடிய துளைக்குள் சீவலும் கட்டிங் ஆயிலும் தங்கினால் அங்கே பிளேட்டிங் பிடிக்காது. ஏர் கன் போதாது. சூடான டிடர்ஜென்ட் கழுவல் வேண்டும்.

லாட் கலப்பு: ஒவ்வொரு டிரேயோடும் ரூட் கார்டு போக வேண்டும். மெட்டீரியலின் ஹீட் நம்பர் (ஆலையில் உருக்கிய தொகுதியின் எண்), டர்னிங் தேதி, எண்ணிக்கை, அடுத்த கடை, திரும்பிய தேதி. இரண்டு ஹீட் நம்பர்கள் ஒரே கூடையில் விழுந்துவிட்டால் மெட்டீரியல் சான்றிதழ் வெறும் காகிதம்தான். லாட்டுக்கு ஐந்து பீஸ் எடுத்து, தேதி போட்டு, ஒரு வருடம் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வரும் பல வாக்குவாதங்களை அந்த ஐந்து பீஸ் தீர்த்துவைக்கும்.

6. சலானும் இ-வே பில்லும்

வாடிக்கையாளரே ராடு (கடைவதற்கான உலோகக் கம்பி) கொடுத்தால் ஜிஎஸ்டி கணக்கில் முதலாளி (பிரின்சிபல், அதாவது சரக்கை வேலைக்கு அனுப்புபவர்) அவர், நீங்கள் ஜாப் ஒர்க்கர். உங்களிடமிருந்து பிளேட்டிங் கடைக்கு நேராக அனுப்பலாம். அதற்கு உங்கள் டெலிவரி சலானோ, அவருடைய சலானில் உங்கள் குறிப்போ வேண்டும். ராடு நீங்கள் வாங்கினால் முதலாளி நீங்கள். சலான் மூன்று பிரதி: பெறுபவருக்கு, வண்டிக்கு, அனுப்புபவருக்கு.

அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரியும் வட்டியும் சேரும். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கின் கணக்கான ஐடிசி-04 படிவத்தை முதலாளி தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒரு முறை, அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. வாடிக்கையாளர் முதலாளியாக இருந்தால் அவருடைய கணக்குத் துறைக்கு மாதம் ஒரு முறை சலான் பட்டியலை நீங்களாகவே அனுப்பிவையுங்கள். அவர்கள் கேட்காமலேயே வரும் அந்த எக்செல் தாளுக்கு நல்ல மதிப்பு உண்டு.

ஓசூர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் (சரக்கை ஏற்றிச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டாம். அந்தப் பழக்கத்தில் ஜூஜூவாடியைத் தாண்டி, கர்நாடகத்தில் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் உள்ள கடைக்கு இருபதாயிரம் ரூபாய்ச் சரக்கை வெறும் சலானோடு ஏற்றி அனுப்புகிறார்கள். வேறு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க் அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே என்று அதிகாரி விடமாட்டார். திரும்பி வரும்போதும் போட்டுவிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, ரேட் சற்றுக் கூடினாலும் ஓசூருக்குள்ளேயே கடை கிடைத்தால் எடுப்பது நல்லது என்பேன்.

7. விலை போடும் முறை

மூன்று கூலியைக் கூட்டி லாபம் வைத்தால் நஷ்டம்தான். ஒரு மாதிரிக் கணக்கு. ரேட்டுகளை உங்கள் கோட்டேஷன்படி மாற்றிக்கொள்ளுங்கள். பீஸ் எடை 180 கிராம். டர்னிங் 18 ரூபாய். ஹீட் ட்ரீட்மென்ட் கிலோ 30 ரூபாய் என்றால் பீஸுக்கு 5.40. பிளேட்டிங் கிலோ 20 என்றால் 3.60. மொத்தம் 27 ரூபாய். புதியவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

300 கிலோ ஏற்றும் வண்டிக்கு நடைக்கு 900 ரூபாய் என்றால் பீஸுக்கு 54 பைசா. மூன்று நடை: 1.62. சோதனைக்கும் பெட்டியில் அடுக்குவதற்கும் 1.20. இதுவரை 29.82. வழியில் கெடுவதற்கு ஒன்றரை சதவீதம் வைத்தால் 45 பைசா. கூட்டாளிக்கு நீங்கள் 30 நாளில் கொடுத்து, வாடிக்கையாளர் உங்களுக்கு 60 நாளில் கொடுத்தால் ஒரு மாத வட்டி ஒரு சதவீதம், 30 பைசா. ஆக 30.57. விடுபட்டது பீஸுக்கு 3.57, மாதம் 10,000 பீஸுக்கு 35,700 ரூபாய்.

ஹீட் ட்ரீட்மென்ட் கடைகளில் குறைந்தபட்ச லாட் கட்டணம் இருக்கும். 40 கிலோ சாம்பிளை அனுப்பிவிட்டுக் கிலோ ரேட்டை எதிர்பார்க்காதீர்கள்.

8. கூடுதலாக எதைக் கொடுக்கலாம், எதற்குக் காசு வாங்க வேண்டும்

காசு வாங்காமல் கொடுக்க வேண்டியவை: ஒவ்வொரு லாட்டோடும் அளவு அறிக்கை, ஹார்ட்னெஸ் அறிக்கை, பிளேட்டிங் தடிமன் அறிக்கை மூன்றும் ஒரே கவரில்; பர் (விளிம்பில் நிற்கும் பிசிறு) இல்லாத பாகம்; எண்ணி அடுக்கிய டிரே. இன்னொன்று, தாமதம் என்றால் முந்தைய நாளே தகவல். “சார், நாளைக்கு 2,000-க்கு 1,200 தான் வரும், மீதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள்ள உங்க கேட்டில் இருக்கும்” என்று எண்ணிக்கையும் நேரமும் சொல்லிப் பேசுங்கள். “பார்த்துக்கலாம் சார்” என்ற பதிலை வைத்து அவரால் தன் உற்பத்தி லைனைத் திட்டமிட முடியாது.

காசு வாங்க வேண்டியது ஸ்டாக். உங்கள் ஷெட்டில் முடிந்த சரக்கு இருப்பு வைக்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பேசுங்கள். நாளுக்கு 400 பீஸ் தேவை, ராடிலிருந்து முடிந்த பாகம் வரை 6 நாள், பாதுகாப்புக்கு 2 நாள்: 3,200 பீஸ். பீஸுக்கு 30.57 என்றால் ஏறத்தாழ 98,000 ரூபாய் முடங்கும். அதன் வட்டியை விலையில் காட்டுங்கள். டிராயிங் திருத்தம் வந்தாலோ மாடல் நின்றாலோ அந்த 3,200 பீஸையும் அவரே எடுத்துக்கொள்வார் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, பர்ச்சேஸ் அதிகாரி மாறிப்போவார்.

ஆறு மாதம் ஓட்டிய பிறகு டிராயிங்கில் மாற்றம் யோசனை சொல்லலாம். உதாரணமாக, ஒரு மூலையில் ரேடியஸ் 0.2 என்று இருக்கும், எதிர்ப் பாகத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் 0.4 ஆக்கலாம், இன்செர்ட் முனை சீக்கிரம் உடையாது. சேமிப்பை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். எழுத்தில் திருத்தம் வரும்வரை பழைய அளவிலேயே ஓட்டுங்கள்.

9. குறை வந்துவிட்டால்

முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். யார் தவறு என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, கேஜோடு இரண்டு ஆட்களை வாடிக்கையாளர் ஸ்டோர்ஸுக்கு அனுப்பிப் பிரித்துக் கொடுங்கள். வழியில் இருக்கும் லோடு, கூட்டாளிக் கடையில் இருக்கும் சரக்கு, உங்கள் ஷெட்டில் இருப்பது எல்லாவற்றையும் நிறுத்தி எண்ணிச் சொல்லுங்கள். காரணமும் திருத்தமும் 8டி படிவத்தில் (குறையை எட்டுப் படிகளில் ஆராயும் அறிக்கை) பிறகு போகலாம். கூட்டாளியிடம் இழப்பு கேட்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. அந்த மெயிலில் வாடிக்கையாளரைச் சேர்க்காதீர்கள்.

வாடிக்கையாளரின் லைன் நின்றதற்கு டெபிட் நோட் (உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் கழிப்பதற்கான சீட்டு) வரும். உங்கள் பொறுப்பு பாகத்தின் விலையும் பிரிக்கும் செலவும் வரைதான் என்ற வரியை ஆரம்ப ஒப்பந்தத்தில் கேட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் எளிதில் ஒத்துக்கொள்ளாது. ஒரு உச்சவரம்பாவது வாங்கிவிட்டால் நல்லது.

10. பணம் வருகிற வழி

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். அதனால் பிப்ரவரி கடைசியிலேயே நிலுவைப் பட்டியலையும் உத்யம் சான்றிதழையும் அவருடைய கணக்குத் துறைக்கு அனுப்பிவிடுங்கள். மார்ச் 31-க்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

வசதியாக்க மன்றத்தில் (தாமதமான பணத்துக்காகக் குறு, சிறு யூனிட்டுகள் முறையிடும் அரசு மன்றம்) புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்மேல் அதைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் டிரெட்ஸ் என்ற, பில்லைத் தள்ளுபடியில் பணமாக்கும் இணையத் தளத்தைப் பாருங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. வாங்குபவர் உங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டு, தள்ளுபடி போக மீதியை உடனே தரும். கெடு நாளில் அவர் வங்கிக்குக் கட்டுவார். அவரோடு மனக்கசப்பும் வராது.

எது எப்படியோ, உங்கள் பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் கடைகளும் பெரும்பாலும் உத்யம் பதிவு உள்ளவைதான். அவர்களுக்கும் இதே 45 நாள்தான். வாடிக்கையாளர் பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி அவர்களைக் காக்க வைத்தால், அவசர லோடு வரும் நாளில் உங்கள் டிரே வரிசையில் கடைசியாகத்தான் இருக்கும்.